கடலோரப் படங்கள் ஏன் கெடுகின்றன: கடலூர், புதுச்சேரிக் கரைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பாறைகளிலும் பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். படம் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது வந்தால் என்ன கேமரா என்று நான் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், காற்று எங்கிருந்து அடித்தது என்று கேட்பேன். பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் அந்த மூன்று பதில்களிலேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ளவை செல்பேசிக்கும் பொருந்தும், லென்ஸ் மாற்றும் கேமராவுக்கும் பொருந்தும். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

படம் முழுக்கப் பால் ஊற்றியது போல மங்கல்

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஈரம், உப்பு, பூஞ்சை. எது என்று தெரியாமல் துடைக்கப் போனால் லென்ஸ்தான் கெடும். முதலில் செல்பேசி டார்ச்சை லென்ஸின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

சீராக, மூச்சு விட்டது போல வெளுத்திருந்தால் அது ஈரம். ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கேமராவை விடியற்காலையில் நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல் படியும். மோரை வெளியே எடுத்து வைத்தால் சொம்பு வியர்க்கிறதே, அதே கதைதான். துடைத்தாலும் ஒரு நிமிடத்தில் திரும்ப வரும். கேமராவைப் பைக்குள்ளேயே ஜிப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், அது ஊர்ச் சூட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஈரம் உள்ளே போய் உட்காரும். நான் இப்போது முதல் நாள் இரவே கேமராவை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுகிறேன்.

திட்டுத் திட்டாக, ஓரம் வெளுத்த பொட்டுகளாக இருந்தால் உப்பு. அலை உடையும்போது கிளம்பும் சாரல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் காற்று கடலிலிருந்து அடித்தால் பத்து நிமிடத்தில் லென்ஸில் ஒரு படலம் ஏறிவிடும். சூரியனை நோக்கித் திருப்பினால் படம் முழுக்க ஒளி பரவி நிறம் செத்துப்போகும். உப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். நம் கரையில் மாலை ஆனால் அந்த அளவு சாதாரணம். அதனால்தான் காலையில் தெளிவாக இருந்த லென்ஸ், யாரும் தொடாமலே மாலையில் மறுபடி மங்குகிறது.

உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அதோடு மணலும் ஒட்டியிருக்கும். சட்டை நுனியில் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். என் முதல் லென்ஸின் முன்கண்ணாடியில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்தது அப்படித்தான். முதலில் காற்று அடிக்கும் ரப்பர் குமிழால் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு மென்மையான துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக ஒற்றி எடுங்கள். கடைசியாக உலர்ந்த துணி. வேறு இடங்களில் யூவி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி) தேவையா என்று வாதம் நடக்கலாம். கடலோரத்தில் போடுங்கள் என்றே சொல்வேன், கீறல் விழுந்தால் ஃபில்டரோடு போகும்.

டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்கு உள்ளே நூல் நூலாகக் கிளைவிட்டுத் தெரிந்தால் பூஞ்சை. அதை வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வராமல் தடுக்க, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்வார்கள். அரிசி மாவுத் தூசி லென்ஸ் இடுக்கில் போகும், ஈரத்தையும் அது பெரிதாக இழுக்காது.

சூரியன் அருமையாக வந்தது, படகும் ஆளும் கரிக்கட்டையாக வந்தார்கள்

நம் கரையின் முதல் பாடம் இது. கடல் கிழக்கே இருக்கிறது. விடியலில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வெளிச்சம். கேமரா வானத்துக்கு அளவு எடுத்தால் படகு கறுக்கும், படகுக்கு எடுத்தால் வானம் வெளுக்கும்.

முதல் வழி, கறுப்பையே ஏற்றுக்கொள்வது. அப்போது உருவரைதான் படம். கட்டுமரத்தின் கொம்பும் நிற்பவரின் உடம்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் கறுப்பு மூட்டைதான் தெரியும். இரண்டு அடி இடம் மாறி நின்று, ஆளுக்கும் படகின் அணியத்துக்கும் (முன்முனைக்கும்) இடையே வானம் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே உட்கார்ந்தால் ஆள் அடிவானத்துக்கு மேலே எழுவார்.

இரண்டாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: திரும்பி நில்லுங்கள். சூரியன் எழுந்து அரை மணி நேரம் ஆனதும் முதுகைக் கடலுக்குக் காட்டுங்கள். வலை உதறுகிறவர்களின் முகம், பைபர் படகின் சாயம், அடும்புக் கொடியின் ஊதாப் பூ எல்லாவற்றின் மேலும் அந்த இளம் வெயில் நேராக விழும். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரையை ஒட்டி வரும். நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

மூன்றாவது வழி, மாலை நான்குக்கு மேல் வருவது. சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும், வெளிச்சம் உங்கள் தோளைத் தாண்டிக் கடல் மேல் விழும். அலை உடையும் முன் அதன் வயிற்றில் தெரியும் பச்சையை அப்போது எடுக்கலாம். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று பழைய இலக்கணம் சொல்கிறது. மேற்கே சாயும் வெயிலில் தேவனாம்பட்டினத்துக் கடலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

நுரை சாம்பலாக இருக்கிறது

நுரையும் வெயில் பட்ட மணலும் நிறைந்த காட்சியைக் கேமரா நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். செல்பேசியில் திரையைத் தொட்டுப் பிடித்து, திரையில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். நுரையின் வரி வரியான அமைப்பு மறையும் அளவுக்கு வெளுத்தால் ஒரு படி இறக்குங்கள்.

பாறைக் குட்டையை எடுத்தேன், உள்ளே வானம்தான் தெரிகிறது

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் கருங்கற்கள் இயற்கைப் பாறைகள் அல்ல. துறைமுகக் கட்டுமானத்துக்குப் பிறகு வடக்கே மணல் வரத்து குறைந்து கரை அரித்துக்கொண்டு போனதால், ஊரைக் காக்கக் கொட்டிய கற்கள். ஆனாலும் கடல் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. இடுக்குகளில் நண்டு, பாசி, நத்தை, கொட்டலசு என்று ஒரு தனி ஊரே இருக்கிறது. அதைப் படமெடுக்க இடைஞ்சல், நீர்ப்பரப்பில் பளபளக்கும் வானம்.

போலரைசர் ஃபில்டர் இருந்தால், நீரின் மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்த்து வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் பளபளப்பு சட்டென்று விலகி அடிமணல் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் இது வேலை செய்யாது. ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றிக்கொள்ளுங்கள். செல்பேசிக்காரர்கள் போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம், வேலை ஒன்றுதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது கறுப்புக் குடை. குட்டை எந்தப் பக்கத்து வானத்தைக் காட்டுகிறதோ அந்தப் பக்கம் குடையை விரித்துப் பிடித்தால், வானத்தின் இடத்தில் குடையின் கறுப்பு வந்துவிடும். நீர் கண்ணாடி போலத் தெளியும்.

குடை பிடிக்கும்போது கொட்டலசைக் கவனியுங்கள். நீருக்கு வெளியே பார்த்தால் கல்லில் ஒட்டிய சிறிய எரிமலை போலச் செத்த ஓடாகத் தெரியும். நீர் மூடியதும் உச்சியில் உள்ள கதவு திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து நீரை வாரும், உள்ளே போகும், மறுபடி வாரும். மேலே நிழல் விழுந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். அதனால் குடை விரித்த உடனே எடுத்தால் மூடிய ஓடுதான் கிடைக்கும். நிழலை அசைக்காமல் ஓரிரு நிமிடம் இருங்கள், ஒவ்வொன்றாகத் திறக்கும். ஸ்லோ மோஷன் வீடியோவில் அந்த வாரலைப் பார்த்துவிட்டால் அந்தப் பாறைகளைப் பிறகு வெறும் கல்லாகப் பார்க்க முடியாது.

நம் கரையில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. எனவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் வற்ற நேரத்தைப் பார்த்துப் போவது நல்லது. பச்சைப் பாசி படிந்த கல்லில் கால் வைக்காதீர்கள். அலைக்கு முதுகு காட்டிக் குனியவும் கூடாது. புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திரும்ப வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும்.

நண்டைக் கண்டேன், எடுத்தது வெறும் பொந்து

மணலில் வளை தோண்டும் நண்டுக்குக் கண் கொம்பு மேல் இருக்கிறது, சுற்றிலும் பார்க்கும். உங்கள் காலடி அதிர்வும் அதற்குத் தெரியும். துரத்தினால் ஒரு நாளும் கிடைக்காது.

வளைக்கு வெளியே புதிதாகத் தள்ளிய ஈர மணல் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார். ஏழெட்டு அடி தள்ளி, உங்கள் நிழல் வளை மேல் விழாதபடி குப்புறப் படுங்கள். கேமராவை மணலை ஒட்டி வைத்து, வளையின் விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு அசையாதீர்கள். பத்து நிமிடமும் ஆகலாம். முதலில் ஒரு கண் வரும், போகும். பிறகு இரண்டு கண்ணும் வரும். பிறகு ஒரு கை மணலை அணைத்துக்கொண்டு வெளியே வந்து, அதை ஓரமாக வீசும். அந்த வீச்சுதான் படம். ஷட்டர் 1/1000 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வெயில் ஏறிவிட்டால் வளைக்குள்ளேயே இருந்துவிடும். விடியலும் பொழுது சாய்ந்த நேரமும் தோது.

கிடைத்த படத்தில் நண்டு மங்கி மணல் தெளிவாக இருந்தால், ஃபோகஸ் முன்மணலைப் பிடித்திருக்கிறது. தானியங்கி ஃபோகஸை நம்பாமல் சின்னப் புள்ளியைக் கண் மேல் வையுங்கள். செல்பேசியில் மிக நெருங்கும்போது சில மாடல்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறி, போனின் நிழலையே நண்டின் மேல் விழ வைக்கும். கொஞ்சம் பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

சொறி (ஜெல்லிமீன்) படத்தில் பிளாஸ்டிக் பை போலத் தெரிகிறது

கரையில் ஒதுங்கிய சொறியை மேலே நின்று எடுத்தால் அப்படித்தான் தெரியும். கண்ணாடி போன்ற பொருளுக்கு வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும். நம் ஊர் விடியல் வெளிச்சம் இங்கேதான் கைகொடுக்கிறது. சொறிக்கும் சூரியனுக்கும் நேராகத் தாழ்ந்து படுத்து, பின்னணியில் இருண்ட ஈர மணல் வரும்படி பாருங்கள். உள்ளே இருக்கும் கோடுகளும் இதழ்களும் ஒளிரும். ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால் விளிம்பில் வையுங்கள்.

செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும், கையால் திருப்ப வேண்டாம். நீல நிறக் குமிழோடு நீண்ட வால் கிடந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். கடல் பாம்புக்கும் இதே விதி. வலையிலிருந்து விழுந்து அசையாமல் கிடக்கும், உயிர் இருக்கும், விஷம் கடுமையானது.

ஏலக்கூடத்தில் எடுத்த படத்தில் பட்டை பட்டையாகக் கோடு

கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ விடியும் முன் மீன் இறங்கும்போது எடுக்கிறீர்கள். வெளிச்சம் டியூப் லைட்டும் எல்இடியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமரா ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் ஒரு பட்டை வெளிச்சம், ஒரு பட்டை இருட்டு என்று விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள், கோடு போய்விடும். வீடியோவிலும் இதே கணக்குதான்.

அங்கே அடுத்த கோளாறு, மீனின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகத் தெறிக்கும் பளபளப்பு. சங்கரா, வாளை, கானாங்கெளுத்தி எல்லாம் ஈரத்தில் கண்ணாடி போல. தலைக்கு மேல் உள்ள விளக்கை ஏதாவது ஒன்றால் மறைத்து, பக்கவாட்டில் வெள்ளைப் பரப்பைப் பிடித்தால் பளபளப்பு மென்மையாகப் பரவும். அதற்கு எதுவும் வாங்க வேண்டாம், தளமெங்கும் ஐஸ் பெட்டிகளின் தெர்மோகோல் மூடிகள் கிடக்கும். ஒரு அக்கா தன் கூடை மூடியைத் தானே எடுத்து எனக்காகச் சாய்த்துப் பிடித்தார். அன்று எடுத்த வாளையின் வெள்ளி நிறம்தான் இன்றும் என்னிடம் உள்ளதில் சிறந்தது. சீக்கிரம் எடுங்கள், உயிர் போன மீனின் நிறம் நேரம் ஆக ஆக மங்கும்.

கேட்டுவிட்டு எடுங்கள். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால் பெரும்பாலும் “எடுத்துக்க தம்பி, வலைய மட்டும் மிதிக்காத” என்பதுதான் பதில். ஏலம் உச்சத்தில் இருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். அது அவர்களின் அன்றைய கூலி.

முக்காலி வைத்தும் ஆடியிருக்கிறது

அலையைப் பட்டுப் போல ஓட விட ஒரு வினாடி ஷட்டர் வைத்தீர்கள். 1/60 வினாடி வெளிச்சத்தில் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் அந்த ஒரு வினாடி கிடைக்கும், கணக்கு சரி. ஆனால் திரும்பிப் போகும் அலை முக்காலிக் காலடியின் மணலை உருவிக்கொண்டு போகிறது. நீங்கள் நீரில் நின்றால் உள்ளங்காலின் கீழ் மணல் நழுவுமே, அதேதான். கால்களை அரை அடிக்கு அழுத்திப் புதைத்து, அடியில் பழைய சிடியோ உடைந்த டைல்ஸ் துண்டோ வையுங்கள். அலை வந்து போனதும் இரண்டு வினாடி கழித்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்களின் பூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள், உப்பு இறுகிவிட்டால் திறக்காது.

எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் புள்ளி

சென்சாரில் தூசி. எஃப்/16 போன்ற சின்னத் துளையில் இன்னும் தெளிவாகத் தெரியும். எஃப்/8க்கு வாருங்கள், கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதை நிறுத்துங்கள். தூரத்துப் படகு மதியத்தில் நெளிந்து நெளிந்து வந்தால் அது சூடான மணலிலிருந்து எழும் காற்று. எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது, காலையில் வாருங்கள்.

ஈரக் கையால் தொட்டால் போன் கேட்கவில்லை

ஒலி கூட்டும் பொத்தானையே ஷட்டராகப் பயன்படுத்துங்கள். போனில் ஐபி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை, கடல் நீருக்கு அல்ல. நனைந்தால் நல்ல தண்ணீரால் கழுவி, சார்ஜ் துளை முழுக்கக் காய்ந்த பிறகே வயரைச் சொருகுங்கள்.

நீருக்கடியில் எல்லாம் பச்சை, நடுவே பனி தூவியது போல

சிவப்பு நிறம் தண்ணீரில் முதலில் மறையும். முதல் ஐந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். வெள்ளைப் பலகை ஒன்றைக் கீழே கொண்டுபோய் அந்த ஆழத்திலேயே ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) வையுங்கள். ஆழம் மாறினால் மறுபடியும் வைக்க வேண்டும்.

பனித்துளி போல் தெரிவது ஃப்ளாஷ் வெளிச்சத்தில் ஒளிரும் வண்டல். ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டி இருந்தால் எல்லாத் துகளும் நேராகக் கேமராவுக்கே திருப்பி அடிக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்து, மீனிடம் இன்னும் நெருங்குங்கள். உங்களுக்கும் மீனுக்கும் இடையே தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் கெடிலமும் சேற்று நீரைக் கொண்டுவந்து கொட்டும். அந்த வாரங்களில் எந்த அமைப்பும் உதவாது. கரையில் இருக்கும் உயிர்களை எடுங்கள்.

இரவில் ஆமையை எடுக்கப் போனேன், ஒன்றும் விழவில்லை

விழாமலே இருக்கட்டும். பங்குனி ஆமைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு இரவில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கலாம். ஃப்ளாஷோ டார்ச்சோ பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நடப்பவை. உங்கள் போன் திரை போதும், கடலை விட்டுச் சாலைப் பக்கம் திரும்ப. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது, தொந்தரவு செய்வது குற்றம்.

படம் வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள். ஏறி இறங்கிய தடம் மணலில் இருக்கும். இடம் வலம் என்று மாறி மாறித் துடுப்பு இழுத்த கீற்றுகள், நடுவே வயிறு உரசிய பட்டை. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கீற்றுக்கும் நிழல் விழுந்து தடம் எழும்பி நிற்கும். தடத்தின் மேல் மிதிக்காமல், குழியைத் தோண்டாமல், நீர் விளிம்பிலிருந்து மேடு வரை முழுதும் வரும்படி ஒரு படம், பிறகு கீற்றுக்குப் பக்கத்தில் உங்கள் செருப்பை அளவுக்கு வைத்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். இரண்டையும், எந்தக் குப்பத்துக்கு எதிரே என்ற குறிப்போடு, அன்று காலையிலேயே வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். நாய்கள் தோண்டுவதற்குள் அவர்கள் வந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போக அந்தப் படம் உதவும்.